முதல் ரயிலும் தாத்தாவின் இடக்கையும்

அன்பிலும் அறிவிலும் என்னையே உரித்து வைத்திருக்கும் என் தங்கை மகளுக்கு, உன் தாய்மாமன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது.

இங்கே நானும் என் புத்தகங்களும் சுகம். உன் அத்தையும் சுகம்தான் என்று அவள் குரலிலிருந்து தெரிகிறது. அங்கே நீயும் உன் பழைய புத்தகக் கடையும் தூசியும் தும்மலும் இல்லாமல் இருக்க வேண்டும். நீ அனுப்பிய நான்காவது புத்தகம் வந்து சேர்ந்தது. தபால்காரர் அதைத் தலையில் சுமந்து வந்தார், தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது என்று எழுதத்தான் நினைத்தேன். உன் அத்தை தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறாள், ஆகையால் அவர் வழக்கம்போல் சைக்கிளில் வந்தார் என்று எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊருக்கு ரயில் வந்து நூறு வருஷம் ஆகிறதாம். பழைய எஞ்சின் ஒன்றைத் துடைத்துக் கொண்டுவந்து, வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு தடவை உங்கள் ஊர் வரை ஓட்டப் போகிறார்கள். முதல் பெட்டியில் முதல் ஜன்னலோரம் யாருக்கு என்றால், அந்தக் காலத்தில் முதல் ரயிலுக்குக் கொடி காட்டியவரின் பேரனுக்கு. அந்தக் கொடி காட்டியவர் என் தாத்தா, உனக்குக் கொள்ளுத்தாத்தா. விவரம் தெரிந்த நாளிலிருந்து இதை நான் சொல்லி வருகிறேன். நம்பாதவர்களுக்குக் காட்டுவதற்காகத்தானே, இந்தப் பக்கத்து ரயில் சரித்திரம் என்று படம் போட்டு எந்தப் புத்தகம் வந்தாலும் விடாமல் சேர்த்து, துணி அலமாரி முழுக்க அடுக்கி வைத்திருக்கிறேன்! துணிமணியெல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியில் சுருண்டு கிடக்கிறது. அது உன் அத்தையின் குறை, என்னுடையது அல்ல. நான் எட்டாவதை இரண்டு தடவை படித்தவன், கூட்டிப் பார்த்தால் பதினாறு. உன் பட்டத்தைவிட ஒரு படி கூடத்தான் வரும். அப்படிப்பட்ட எனக்கே இப்போது தலை சுற்றுகிறது என்றால் பார்த்துக்கொள்.

முதல் புத்தகம் உனக்குத் தெரியும், அந்தத் தடிமனான பளபளப்புத் தாள் புத்தகம். அதில் ரயில் புகை விடுகிறது, பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் கொடியை உயர்த்தி நிற்கிறார். முகம் புகையில் மறைந்துவிட்டது. மறைந்தால் என்ன, காது தெரிகிறதே! நம் குடும்பக் காது. அதோடு கொடி இடது கையில். தாத்தா இடக்கை, நான் இடக்கை, உன் அம்மா இடக்கை, நீயும் இடக்கை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று விழாக் கமிட்டித் தலைவரின் மருந்துக்கடைக்கே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் நான் சொன்னதைக் கேட்டு எழுந்து நின்றே விட்டார். (யாரோ இருமல் மருந்து கேட்டார்கள், அதற்கும் சேர்த்துத்தான்.) அந்த நேரம் பார்த்து, கால்சட்டை தைக்கக் கொடுத்தால் ஊரில் எல்லாருக்கும் முக்கால் அங்குலம் குட்டையாகவே தைத்துக் கொடுக்கிறானே, அந்தத் தையல்கடைக்காரன், ஊர் வைத்த பேர் முக்கால் அங்குலம், நீ அனுப்பிய இரண்டாவது புத்தகத்தின் இன்னொரு பிரதியோடு வந்து நிற்கிறான். அதே படம்தான். ஆனால் ரயில் அந்தப் பக்கம் போகிறது, கொடி வலது கையில்! இது தன் தாத்தாவாம், அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் வலது கையாம்.

நான் விடுவேனா? "கை வலிச்சிருக்கும்யா, மாத்திப் பிடிச்சிருப்பார்"னு சொன்னேன். 

"கை மாத்தலாம் மாமா, ரயிலையுமா மாத்துவார்?"னு கேக்கிறான். "உங்க புத்தகத்துல படத்தை இடம் வலமாத் திருப்பி அச்சடிச்சிட்டாங்க. கோட்டுப் பையைப் பாருங்க. எந்த ஆம்பளைக்கும் பை இடது மார்புலதான் வைப்போம். உங்க படத்துல வலது மார்புல இருக்கு. ஒண்ணு, படத்தைப் பக்கவாட்டுல புரட்டியிருக்காங்க. இல்லேன்னா உங்க தாத்தாவுக்கு இதயமே வலது பக்கம்." 

மருந்துக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் தங்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். நானும் தொட்டுப் பார்த்தேன். இடது பக்கம்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று மறுபடி பார்த்தேன். அங்கே வலது பக்கம் போலத் தெரிந்தது. அன்று முழுக்க எனக்கு எந்தக் கை எந்தக் கை என்றே புரியவில்லை, உன் அத்தை கொடுத்த டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினேன். மூன்றாவது புத்தகமாவது வழி காட்டும் என்று திறந்தால், அதில் கையும் கொடியும் மட்டும், ஆளையே வெட்டி எடுத்துவிட்டார்கள்! கொடி இருக்கிறது, தாத்தா இல்லை. கடைசியில் தலைவர், "முழுப் படத்தோட ஒரு புத்தகம் கொண்டாங்க, அதுல தெரியறதுதான் தீர்ப்பு" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் உனக்கு அவசரமாக எழுதினேன், நீயும் அந்த மடிப்புப் படம் வைத்த பெரிய புத்தகத்தைத் தேடிப் பிடித்து அனுப்பினாய்.

அந்தப் படத்தை விரிக்க எங்கள் வீட்டில் இடம் இல்லை. ஊரிலேயே நீளமான மேஜை முக்கால் அங்குலத்தின் துணி வெட்டும் மேஜைதான். எதிரியின் கோட்டைக்குள் தனி ஆளாகப் புகுந்தேன். (உன் அத்தையும் வந்தாள். தலைவரும் வந்தார்.) விரிக்க விரிக்க ரயில் நீண்டுகொண்டே போகிறது. ஸ்டேஷன் பெயர்ப்பலகை தெரிகிறது, எழுத்தெல்லாம் நேராக இருக்கிறது, ஆக இதுதான் சரியான படம். கொடி இடது கையில்! நான் மேஜையைத் தட்டி, "பாத்தியா!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் மிச்சப் படத்தைப் பார்த்தேன், மருமகளே. தாத்தா நிற்கவில்லை. ஓடுகிறார். ரயில் அவரை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. பின்னால் அவருடைய துணிப்பெட்டி வாயைப் பிளந்து கிடக்கிறது, ஒற்றைச் செருப்பு கிடக்கிறது. கையில் இருப்பது கொடியே இல்லை, துண்டு. உண்மையான கொடிக்காரர் அந்தக் கோடியில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அடியில் அச்சடித்திருக்கிறது: 'முதல் ரயிலைத் தவறவிட்ட ஒரே பயணி.'

நான்தான் பெருந்தன்மையோடு, "முக்கால் அங்குலம், நீ சொன்னதுதான் சரி. இவர் உங்க தாத்தாவேதான், நீயே வச்சுக்கோ" என்றேன். 

"ஐயையோ, எனக்கு வேண்டாம் மாமா!" என்று அவன் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தான். "அந்தப் பை ஏன் வலது பக்கம் இருக்குன்னு இப்பத்தான் தெரியுது. அது உள்பை! மனுஷன் அவசரத்துல கோட்டையே உள் வெளியாப் போட்டுக்கிட்டு ஓடறார், தையல் பிசிறு எல்லாம் வெளியில தெரியுது பாருங்க. எங்க தாத்தா தையல்காரர். செத்தாலும் இப்படிப் போடுவாரா?" 

நான் தலைவரைப் பார்த்தேன், தலைவர் உன் அத்தையைப் பார்த்தார். அவள் படத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். "சந்தேகமே வேண்டாம், இவங்க தாத்தாவேதான். எங்க கல்யாணத்தன்னிக்கு இவர் சட்டையை எப்படிப் போட்டுக்கிட்டு வந்தார்னு நான் பாத்தேனே."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. அந்தக் குடும்பக் காதுதான். ஆனால் தலைவர் துள்ளிக் குதிக்கிறார்! "கொடி காட்டினவன் எல்லா ஊர்லயும் இருப்பான். முதல் ரயிலையே விட்டவன் நம்ம ஊர்லதான்யா இருக்கான்! நூறு வருஷம் கழிச்சு அவர் பேரன் அதே ரயில்ல ஏறணும். ஜன்னலோரம் உங்களுக்குத்தான்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எந்தக் கை என்று கேட்காதே. யோசித்துப் பார்த்ததில் எனக்கு உண்மை விளங்கிவிட்டது: தாத்தா தவறவிடவில்லை. தன் இடத்தை யாரோ ஒரு ஏழைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, போய்வா என்று துண்டை ஆட்டி வழியனுப்ப ஓடியிருக்கிறார். செருப்பையும் தானம் செய்திருக்கிறார். இதை நானே ஒரு புத்தகமாக எழுதலாம் என்றிருக்கிறேன். ஒரே தொல்லை, அந்த மடிப்புப் படத்தைத் திரும்ப மடிப்பதுதான். நான் மடித்தால் ஒரு பக்கம் ரயில் பிதுங்குகிறது, மறுபக்கம் தாத்தா பிதுங்குகிறார். முக்கால் அங்குலம்தான் துணி மாதிரி நீவி மடித்துக் கொடுத்தான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் ஸ்டேஷனில் வந்து நில். முதல் பெட்டி, முதல் ஜன்னல். நான்கு புத்தகங்களையும் மடியில் வைத்துக்கொண்டு ராஜா மாதிரி வருவேன். உன் கடை முதலாளியையும் கூட்டி வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். உன் அம்மாவுக்கு என் அன்பு. அலமாரி கொள்ளாத அளவுக்குப் புத்தகமும், ஆயுசும், சிரிப்பும் உனக்குச் சேர வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அன்பு மாமன்

பி.கு.: இன்று ஞாயிறு, மத்தியானம். இந்தக் கடிதத்தைப் போகிற வழியில் தபாலில் போடலாம் என்று அன்றே விழாச் சட்டைப் பையில் வைத்தேன். இன்று தேடினால் பையையே காணோம். நீ ஸ்டேஷனுக்கு வந்திருக்க மாட்டாய், நல்லதாகப் போயிற்று. பிளாட்பாரத்தில் எல்லாரும் கேட்டார்களே என்று மடிப்புப் படத்தை விரித்துக் காட்டினேன். விரித்தது சுலபம். மடித்துக்கொண்டே இருக்கும்போது ரயில் நகர்ந்துவிட்டது. என் ஜன்னல் காலியாகப் போகக் கூடாதென்று முக்கால் அங்குலத்தை உட்கார வைத்துவிட்டார்கள், அவன் அங்கிருந்து "இப்படி மடிங்க மாமா, இப்படி!" என்று கையால் காட்டிக்கொண்டே போனான். நான் தோள் துண்டை எடுத்து வீசிக்கொண்டு ஓடினேன். பத்திரிகைக்காரர் அதைப் படம் பிடித்திருக்கிறார், அடுத்த சரித்திரப் புத்தகத்தில் வருமாம். உன் கடைக்கு வந்தால் எனக்கு ஒன்று எடுத்து வை. ஆனால் திருப்பி அச்சடித்திருக்கிறார்களா என்று கவனித்துப் பார்: துண்டு என் இடது கையில் இருக்கும். சட்டைப் பையை வைத்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. பை உள்பக்கம் போயிருந்ததை, கடிதமும் அதற்குள்ளேயே இருந்ததை, வீட்டுக்கு வந்த பிறகு உன் அத்தைதான் கண்டுபிடித்தாள். வருங்காலத்தில் யாரும் நான் யார் பேரன் என்று குழம்பக் கூடாதென்று நான் வேண்டுமென்றே அப்படிப் போட்டுக்கொண்டு போனேன்.