பதினைஞ்சு அண்ணையும் எங்கள் வீட்டுச் சூடும்

குளிரில் நடுங்குகிறவனைப் பார்த்து, "உமக்குக் குளிரேல்லை" என்று கணக்கோடு நிரூபிக்கக்கூடிய ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் பதினைஞ்சு அண்ணைதான். இதை ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

ஜெர்மனியின் பான் நகரில் நாங்கள் இருந்த நாலு மாடிக் கட்டடத்துக்கு அவர் ஹவுஸ்மைஸ்டர். படிக்கட்டு, குப்பைத்தொட்டி, நிலவறையில் இருக்கும் கொதிகலன் எல்லாம் அவர் பொறுப்பு. சொந்தப் பெயர் அழைப்புமணிப் பலகையில் இருந்தது; ஒருவரும் வாசித்ததில்லை. வெளியில் பதினைந்து டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் கொதிகலன் வீடுகளுக்குச் சூடு அனுப்பும். பதினைந்தரை என்றால் இல்லை. நீங்கள் உள்ளே போர்வைக்குள் சுருண்டு கிடந்தாலும் இல்லை.

கழுத்தில் நூல் கட்டி ஒரு வெப்பமானி தொங்கவிட்டிருப்பார். சுகம் விசாரித்தால், "பதினாறு. இறங்குமுகம்" என்பார். கலியாண வீட்டுக்கும் அதோடுதான் வந்தார். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு டிகிரி என்று கலியாணப் படத்தில் இன்றைக்கும் வாசிக்கலாம். மேல்மாடி ஜெர்மன் அம்மா ஒருநாள் கையுறையோடு வந்து சத்தம் போட்டார். அண்ணை வெப்பமானியை நீட்டிக் காட்டினார். அந்த அம்மா சிவந்துபோன தன் மூக்கை நீட்டிக் காட்டினார். மூக்கில் அளவுக்கோடு இல்லை என்று இவர் திரும்பிப் போய்விட்டார்.

எனக்குத் தாங்க முடியாதது என்னவென்றால், அவருக்கும் குளிர்ந்தது. தன் வீட்டில் இரண்டு ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் டிவி பார்ப்பார். இப்படிப்பட்டவரோடு என்னத்தைச் சண்டை பிடிப்பது?

ஒக்டோபரில் எங்களுக்கு மகள் பிறந்தாள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் பயப்படுவதற்குப் படிப்புத் தேவையில்லை. பிள்ளை தும்மினாலே அம்புலன்ஸ் எண்ணைத் தேடி எடுத்து வைப்பேன். அந்த வீட்டில், விடிய நன்றாகச் சுடுகிற ஹைட்சுங், அதுதான் சுவரோரச் சூடாக்கி, பத்து மணி தாண்டியதும் பிணம் மாதிரிக் குளிரும். ஒருநாள் இல்லை, பத்து நாள். இவர் வேண்டுமென்றுதான் செய்கிறார் என்று முடிவு கட்டினேன்.

பதினோராம் நாள் நிலவறைக்கு இறங்கினேன். அண்ணை வெளியில் குப்பைத்தொட்டியை வைத்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தார்.

"அண்ணை, பிள்ளையின்ர கை ஐஸ் மாதிரிக் கிடக்கு. சூட்டைப் போடுங்கோ."

"ஏலாது தம்பி. வெளியில பத்தொன்பது." கொதிகலனின் திரையைக் காட்டினார். உண்மைதான், பத்தொன்பது.

"உங்கட கழுத்தில எட்டு."

அண்ணை குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். கட்டின மனைவி பொய் சொன்ன மாதிரி ஒரு முகம். வெளியே போனார். நான் பின்னாலே போனேன்.

வெளியில் எத்தனை டிகிரி என்று கொதிகலனுக்குச் சொல்வது சுவரில் இருக்கும் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. அது எங்கள் குசினி யன்னலுக்கு நேர் மேலே இருந்தது. திறந்த யன்னலுக்குள்ளிருந்து மிளகும் உள்ளியும் மணக்க ஆவி கிளம்பி, சாம்பிராணி போடுகிற மாதிரி அந்தப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு நின்றது. அண்ணை இரண்டு தரம் தும்மினார்.

"உம்மட அடுப்பில என்ன?"

"சரக்குக் கறி அண்ணை. மனுசிக்கு."

"ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கோ?"

பிள்ளை பெற்ற உடம்புக்குச் சூடு வேண்டும் என்று மாமி தொலைபேசியில் சொல்லச் சொல்ல, நான் கிண்டிய கறி அது. கூரையில் இருக்கும் புகைமணி அலறிப் பிள்ளை எழும்பிவிடும் என்ற பயத்தில் யன்னலை அகலத் திறந்து வைத்ததும் நான்தான். கட்டடம் முழுவதையும் பத்து நாளாகக் குளிர வைத்தது என் சட்டி.

ஆனாலும் கேட்கிறேன், குசினி யன்னலுக்கு மேலே அந்தப் பெட்டியைப் பூட்டினவன் யார்? அவன் வீட்டில் சமைப்பதே இல்லையா?

அண்ணை என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. மேல்மாடி அம்மாவிடம் கருவியில் பிழை என்று மட்டும் சொன்னார். பெட்டியை இடம் மாற்ற திருத்துகிறவரிடம் மூன்று கிழமை கழித்துத்தான் டெர்மின், அதுதான் முன்பதிவு, கிடைத்தது. அதுவரை நான் சமையலை நிற்பாட்டட்டுமா என்று கேட்டேன்.

"பிள்ளைப்பெத்தவளைப் பட்டினி போடுறதோ? நீர் சமையும். பெட்டியை நம்பாமல் நானே சூட்டைக் கையால போடுறன். ஆனால் பதினைஞ்சு பதினைஞ்சுதான், விளங்குதோ?"

அடுத்த கிழமை திடீரென்று வெயில் எறித்தது. தெருவில் சனம் ஐஸ்கிரீமோடு திரிந்தது. எங்கள் வீட்டு ஹைட்சுங்கோ தொட முடியாத சூடு. கொதிகலன் வெடிக்கப் போகிறது என்ற பயத்தில் கீழே ஓடினேன். அண்ணை வாசலில் நின்றார்.

"அண்ணை, இண்டைக்கு வெளியில எத்தனை?"

கழுத்து வெப்பமானியை ஜாக்கெட்டுக்குள் தள்ளி, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தார். அவர் நெற்றியில் வியர்வை நின்றது.

"பதினாலு," என்றார். "பிள்ளை நித்திரையோ?"