முந்நூற்றுக்கு ஒன்று குறைவு

முந்நூறாவது அடியை மனைவியிடமிருந்து வாங்காமல் ஓய்வதில்லை என்று வெண்டல் ஹ்ரூஸ்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை சபதம் எடுத்தார். தப்பாக நினைக்க வேண்டாம். இது பேஸ்பால் அடி.

அயோவாவில் வில்லோ பெண்ட் ஊர் அணிக்காகப் பதினான்கு கோடைகள் ஆடியவர் வெண்டல். சரியாக ஆயிரம் தடவை மட்டை பிடித்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது அடிகள். அந்த லீக்கின் சராசரி ஆட்டக்காரன் ஆயிரத்துக்கு இருநூற்று ஐம்பத்தெட்டுதான் அடிப்பான். இவர் நாற்பத்தொன்று கூடுதல். அந்த நாற்பத்தொன்றை நினைத்து, சவரம் செய்யும்போது கண்ணாடியில் தன்னைத்தானே பயபக்தியோடு பார்த்துக்கொள்வார். ஆனால் மைதான வாசலில் இருக்கும் வீரர்கள் பலகையில் பேர் ஏற முந்நூறு வேண்டும். இந்த வருஷப் பேர்களைச் சனிக்கிழமை எழுதுகிறார்கள்.

மட்டையில் பட்ட பந்தை எதிரணிக்காரன் கோட்டைவிட்டால், அது ஆடியவனின் அடியா, விட்டவனின் பிழையா என்று எழுதுவது ஸ்கோரரின் உரிமை. அதில் கடவுளே தலையிட முடியாது. பதினான்கு கோடையும் ஸ்கோரர் ஆர்டித். வெண்டலின் மனைவி. அவரது கடைசி ஆட்டத்தில், ஆயிரமாவது தடவை மட்டை பிடித்தபோது அடித்த பந்து, மூன்றாம் பேஸில் நின்ற எதிரணிக்காரனின் கையில் பட்டுத் தெறித்தது. ஆர்டித் கூசாமல் 'பிழை' என்று எழுதிவிட்டாள். அவள் மனசு வைத்தால் இன்றைக்கும் திருத்தலாம்.

வெண்டல் ஐஸ் வைக்க ஆரம்பித்தார். ஐந்து நாள் பாத்திரம் கழுவினார். கூரையேறிச் சருகு அள்ளினார். மாமியாரைக் காரில் வைத்து மூன்று கடை சுற்றிக் காட்டினார். ஆர்டித் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் ஸ்கோர் புத்தகத்தை எடுத்து வந்தாள்.

"திருத்திடலாங்க. ஆனா ஒண்ணத் திருத்தினா எல்லாத்தையும் திருத்தணும்."

"எல்லாம்னா?"

"ஓரத்துல பென்சில் புள்ளி இருக்கு பாருங்க. அதெல்லாம் நெஜத்துல பிழை. நான்தான் அடின்னு போட்டு வெச்சேன்."

"ஏன்?"

"அடிக்காத அன்னிக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு சாப்பிட மாட்டீங்க. ஆக்கின கறிய நான் என்ன பண்றது?"

வெண்டல் புள்ளிகளை எண்ணினார். நாற்பத்தொன்று. கழித்தார். இருநூற்று ஐம்பத்தெட்டு. லீக் சராசரி, ஒரு நூல் பிசகாமல்.

அவருக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது பிரமிப்பு. பதினான்கு கோடை, கொளுத்தும் வெயில், மரப்பலகை இருக்கை, ஒரு பென்சில். ஒரு சாதாரண ஆட்டக்காரனை அதை வைத்தே இவள் ஊர் மெச்சத் தூக்கி நிறுத்தியிருக்கிறாள். மைதானத்தில் இத்தனை பெரிய ஆட்டம் நடந்தது ஒருத்தருக்கும் தெரியவில்லை.

"நாளைக்குப் பலகைக்காரங்ககிட்ட எந்தக் கணக்கக் குடுக்கட்டும்?"

"ஒண்ணும் குடுக்க வேண்டாம். இருக்கறபடியே இருக்கட்டும்." புத்தகத்தை மெல்ல மூடினார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. "நாப்பத்தொண்ணு போட்டவளுக்கு, அந்தக் கடைசிப் பந்துக்கு மட்டும் கை வரலையாக்கும்?"

"அதுவா? அது சுத்தமான அடிதாங்க."

"பின்ன ஏன் பிழைன்னு எழுதின?"

"முந்நூறு அடிச்ச மனுஷன் பாத்திரம் கழுவுவாரா?"