பிளாஸ்டிக் கண்ணில் ஒன்பது புழு

சைக்கிள் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. அங்கே போகும் மாடிப்படி முழுக்கக் கூட்டம். குழல் வைத்தியர் செப்புக் குழலைக் கண்ணோரம் வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சினால் போதும், புழு வெள்ளைத் தட்டில் வந்து விழும். யார் வந்தாலும் விழும். குழந்தைக்கு இரண்டு, பெரியவருக்கு நான்கு, காரில் வந்தவருக்கு ஏழு! வசதி பார்த்துக் குடியேறும் புழு.

பஸ் டிரைவருக்கு இது மூன்றாம் முறை. இரண்டு மாதமாகக் கண் அரித்தது, சிவந்தது, தண்ணீராகக் கொட்டியது. "தூசி ஒத்துக்கல, அலர்ஜி. இந்தச் சொட்டு மருந்தைக் காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு விடுங்க. கசக்காதீங்க" என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். கட்டைவிரல் அளவு பாட்டில், நாலே வார்த்தைப் பேச்சு. இதில் என்ன மகிமை இருக்க முடியும்? "சொட்டு மருந்தா? புழுவுக்குத் தீனி போடுறியா?" என்று வைத்தியர் அதட்டியதும், பாட்டில் மூடி திறக்காமலே பீரோவுக்குள் போய்விட்டது.

முதல் முறை மூன்று புழு, அடுத்த முறை ஐந்து. எடுத்த பிறகு குளிர்ந்த தண்ணீரால் கண்ணைக் கழுவிவிடுவார். ஒரு மணி நேரம் இதமாக இருக்கும். அதை அருள் என்று டிரைவர் நம்பினார். தண்ணீருக்கு அந்தப் பெருமை போகவில்லை, பாவம்.

இன்னும் பன்னிரண்டு நாளில் டிப்போவில் கண் பரிசோதனை. தேறாவிட்டால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு பஸ் கழுவப் போக வேண்டும். இருபது வருஷம் ஓட்டிய மனிதர். அதனால்தான் மறுபடியும் இந்த மாடிப்படி ஏறினார்.

இந்த முறை வெல்டர் மைத்துனனும் கறுப்புக் கண்ணாடியோடு கூட வந்தான். "எனக்கும் பார்த்துக்கிறேன் மாமா" என்றான். கேலி பேசியே திரிந்தவனுக்குப் புத்தி வந்துவிட்டதே என்று டிரைவருக்கு மகிழ்ச்சி.

"எந்தக் கண்ணுப்பா?" என்றார் வைத்தியர்.

மைத்துனன் கண்ணாடியைக் கழற்றினான். "வலது, சாமி. ஒரே குடைச்சல்."

டிரைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருஷத்துக்கு முன் தீப்பொறி பட்டுப் போன கண்ணல்லவா அது! இப்போது இருப்பது ஆஸ்பத்திரியில் பொருத்திய பிளாஸ்டிக் கண். வாயைத் திறக்கப் போனவரின் காலை மைத்துனன் அழுத்தி மிதித்தான்.

வைத்தியர் இமையை விரித்து உற்றுப் பார்த்தார். "அடேயப்பா, முத்திப்போச்சே! நரம்பைக் கடிக்குது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தா பார்வையே போயிருக்கும்."

"ஐயோ, காப்பாத்துங்க சாமி!"

உறிஞ்சினார். தட்டில் ஒன்பது! இதுவரை யாருக்கும் வாய்க்காத பாக்கியம். கூட்டம் உச்சுக் கொட்டியது.

மைத்துனன் கீழ் இமையை விரலால் அழுத்தினான். கண் உள்ளங்கையில் விழுந்தது. அதைப் புழுக்களுக்கு நடுவே தட்டில் வைத்தான்.

"இது பிளாஸ்டிக், சாமி. பார்வை போய் ஆறு வருஷம் ஆச்சு. புழு எந்த நரம்பைக் கடிச்சுது?"

"அது... அதுக்குப் பின்னாடி..." என்று வைத்தியர் மென்று விழுங்கினார். அதற்குள் மைத்துனன் குழலைப் பிடுங்கித் தட்டில் தட்டினான். நாளைக்கு வரப்போகிறவர்களின் புழுக்களும் சேர்ந்து உதிர்ந்தன.

டிரைவர் ஒன்றை எடுத்து நகத்தால் பிரித்தார். தையல் நூல். பசையில் நனைத்து உருட்டிய வெள்ளை நூல். முன்பு மூன்றும் ஐந்துமாக விழுந்த எட்டு நூல் துண்டுக்காகவா சோறு இறங்காமல் கிடந்தோம்? அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பிளாஸ்டிக் கண்ணுலயே புழு எடுத்திருக்காரே, என்ன சக்தி!" என்று ஓர் அம்மாள் கைகூப்பினாள். அந்தச் சந்தடியில் சக்திமான் பின்படி வழியாக நழுவினார்.

அன்றே பீரோ திறந்தது. பாட்டில் நுனி கண்ணில் படாமல் மனைவி மருந்தை விட்டாள். டிரைவரும் கையைக் கட்டிக்கொண்டு, கசக்காமல் இருக்கப் பழகினார். பரிசோதனையன்று கடைசி வரி வரைக்கும் தடுமாறாமல் படித்தார்.

வெளியே வந்தால், அன்று வைத்தியரின் அறை வாசலில் நின்று எல்லாம் பார்த்த கண்டக்டர் ஒருவன், சிவந்த கண்ணோடு. "அண்ணே, அந்தக் குழல் வைத்தியர் இப்ப எங்க இருக்கார்னு தெரியுமா?"

டிரைவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பிளாஸ்டிக்ல புழு வந்ததை நீயும்தானே தம்பி பார்த்தே? போய் டாக்டரைப் பாரு, கண்ணுக்குச் சொட்டு மருந்து குடுப்பார். ஆனா யோசிக்கிறதை நீதான் செய்யணும். அதைச் சொட்டுச் சொட்டா ஊத்த எந்த ஆஸ்பத்திரியிலயும் ஆள் இல்ல!"