பருந்து ஏழுக்கு இறங்க அனுமதி

ஒருவர் பேசும்போது மற்றவர் வாயை மூடிக்கொண்டு கேட்பது என்ற நற்பழக்கம் உலகத்தை விட்டே போய்விட்டது என்று ஒப்பாரி வைப்பவர்களுக்கு ஒரு நற்செய்தி. அது போகவில்லை, குடிபெயர்ந்திருக்கிறது. தரையில் மதிப்பில்லாமல் முப்பதாயிரம் அடி உயரத்துக்குச் சென்றுவிட்டது. அந்த முப்பதாயிரம் அடியும் ஒரு மேசையின் மேல், இருபத்தேழு அங்குலக் கணினித் திரைக்குள் அடங்கிவிடுகிறது என்பதால் அதன் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது.

இந்தப் பழக்கத்தைக் கட்டிக் காத்துவரும் சான்றோர்களில் தலையாயவர் கேப்டன். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. சம்பளம் வாங்குவது ஒரு லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில். இரண்டு மாடிகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டவர்கள் போனில் கதறும்போது, "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது" என்று சொல்லி வைப்பது அவர் உத்தியோகம். நிஜ விமானத்தில் அவர் ஏறியதே இல்லை, தலை சுற்றுமாம். ஆனால் 'வான்வெளி நண்பர்கள் கழகம்' என்ற இணைய அமைப்பில், ஆறு வருஷத்தில் நாலாயிரம் மணி நேரம் பறந்தவர்.

கழகத்தின் பணி எளிமையானது. உறுப்பினர்களில் பலர் அவரவர் வீட்டில் உட்கார்ந்து இல்லாத விமானத்தை ஓட்டுவார்கள். மூன்று தேர்வு எழுதித் தேறிய சிலர் அவரவர் வீட்டில் உட்கார்ந்து, 'கன்ட்ரோலர்' என்ற பதவியில், யார் எப்போது இறங்கலாம் என்று ஹெட்போன் வழியாக உத்தரவிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு ஞாயிறு, 'மாபெரும் கூட்டுப் பறப்பு'. நூற்று நாற்பது விமானம், ஒரே ஓடுபாதை, ஒரே அலைவரிசை. இரண்டு பேர் சேர்ந்து பேசினால் 'கீச்' என்ற சத்தம்தான் மிஞ்சும். எனவே ஒழுக்கம் வேண்டும். அந்த ஒழுக்கத்தை நாற்பத்திரண்டு பக்க 'வானொலி மரியாதைக் கையேடு' ஆக எழுதி உலகுக்கு அளித்தவர் நம் கேப்டன்.

பேசுமுன் கேள் என்பது முதல் விதி. கன்ட்ரோலர் சொன்னதை ஓர் எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல் என்பது நான்காம் விதி. இதற்கு 'ரீட்பேக்' என்று பெயர். 'ஸ்டாண்ட்பை' என்று சொல்லப்பட்டால் பதில் பேசாதே, மறுபடி கூப்பிடாதே, கூப்பிடும்வரை காத்திரு என்பது பதினோராம் விதி.

கூட்டுப் பறப்புக்கு மூன்று வாரம் முன்பு புதியவர்களுக்கு இணையத்தில் ஆயத்த வகுப்பு எடுத்தார். புதிதாகச் சேர்ந்திருந்த மருந்துக்கடைக்காரர் ஒருவர் சந்தேகம் கேட்டார்.

"சார், கன்ட்ரோலர் சொல்றது எனக்குப் புரியலைன்னா?"

"புரியறது ரெண்டாம்பட்சம். முதல்ல திருப்பிச் சொல்லணும்."

"புரியாம எப்படி சார் திருப்பிச் சொல்றது?"

"காதுல விழுந்தது நேரா நாக்குக்கு வரணும். நடுவுல மூளை மூக்கை நுழைச்சா மூணு செகண்ட் வீண். அந்த மூணு செகண்டுக்குப் பின்னாடி நூத்து நாப்பது பேர் காத்துட்டு இருப்பான்."

மருந்துக்கடைக்காரர் இதை ஓர் எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னார். கேப்டன் மனம் நெகிழ்ந்தார்.

அந்த நேரத்தில்தான் அறை வாசலில் அவர் மனைவி வந்து நின்றார். அவரைப் பற்றி ஒரு வார்த்தை. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று அவர் ஆரம்பித்தால் ஊரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும். ஒருமுறை பஸ்ஸில் ஏறி "ஒரு டிக்கெட்" என்றதும் நடத்துநர் தன்னையறியாமல் "எந்த பிளாட்பாரம் மேடம்?" என்று கேட்டிருக்கிறார். ஊரில் அந்தக் குரல் தெரியாதவர் ஒரே ஒருவர்தான். அவர் அந்தக் குரலோடு பத்தொன்பது வருஷமாகக் குடித்தனம் நடத்திவருகிறார்.

"என்னங்க, எனக்கு ப்ரமோஷன் வந்திருக்கு. துறைமுகத்து ஸ்டேஷன்ல தலைமை அறிவிப்பாளர்."

"காப்பிட்," என்றார் கேப்டன். 'கேட்டுக்கொண்டேன்' என்பதற்கு வானொலி மொழி.

"எட்டு மணி நேர ரயில் தூரம். இருபத்தி ஒண்ணாம் தேதி காலைல சேரணும். போகவா, வேண்டாமா?"

கேப்டன் திரும்பாமலே ஆள்காட்டி விரலை உயர்த்தினார். "ஸ்டாண்ட்பை."

ஆறு வருஷத்துக்கு முன்பு அந்த விரல் மட்டும்தான் இருந்தது. சொல் பிற்பாடு சேர்ந்தது. அம்மையார் காத்திருந்தார். அவருக்கு வேண்டியது அனுமதி இல்லை. வேலை அவருடையது, கால் அவருடையது. 'போ' என்றோ, 'போகாதே' என்றோ, 'நானும் வர்றேன்' என்றோ ஒரு வார்த்தை. நாலு தடவை கேட்டுப் பார்த்தார். நாலு தடவையும் 'காப்பிட்' கிடைத்தது. கடைசியில் வேலை உத்தரவையே கொண்டுவந்து கணினி விசைப்பலகையின் மேல் வைத்தார். கேப்டன் அதை எடுத்துப் புரட்டி, பின்பக்கம் வெள்ளையாக இருப்பதைக் கண்டு மகிழ்ந்து, கூட்டுப் பறப்பில் குறிப்பெழுத என்று கிளிப் அட்டையில் மாட்டிக்கொண்டார்.

இங்கே வாசகரிடம் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்த மனிதரிடம் பேச என்னென்ன வழி உண்டு என்று எட்டு மாதம் முன்பே யோசித்துப் பார்த்த அம்மையார், மிச்சமிருந்த ஒரே வழியைப் பிடித்தார். கழகத்தில் சேர்ந்தார். ஒளிவுமறைவாக அல்ல. "நானும் உங்க கழகத்துல சேர்ந்துட்டேன்" என்று சாப்பாட்டு மேசையிலேயே சொன்னார். 'காப்பிட்'. மூன்று தேர்வும் எழுதினார். மழைநாளில் தாமதமாக வரும் பதினாலு ரயிலை ஆறு பிளாட்பாரத்தில் சமாளித்தவருக்கு அது ஒரு பொருட்டா? கழகத்தில் உறுப்பினர் எண்தான் உண்டு, பெயர் கிடையாது. குரலில் தெளிவும் நிதானமும் கண்டு, இந்த வருஷக் கூட்டுப் பறப்புக்கு அவரையே தலைமைக் கன்ட்ரோலராகக் கமிட்டி நியமித்தது.

அந்த ஞாயிறும் வந்தது. மறுநாள் இருபத்தி ஒன்றாம் தேதி. கேப்டனின் ஆயத்தம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது. தோளில் நாலு பட்டை தைத்த வெள்ளைச் சட்டை. ("பேண்டு வாத்தியமா சார்?" என்று தையல்காரர் கேட்டதை அவர் மன்னித்துவிட்டார்.) நடுவில் எழுந்திருக்க நேராதபடி காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. அழைப்பு மணியின் கம்பியைக் கழற்றினார். கைப்பேசியை அணைத்தார். காத்திருக்க நேர்ந்தால் வேண்டுமே என்று ஒரு மணி நேர எரிபொருள் கூடுதலாக நிரப்பினார். விமானத்தில்தான்.

மணி மூன்றரை. மனைவி வாசலில் நின்றார். பின்னால் கூடத்தில் ஒரு பெட்டி தயாராக இருந்தது.

"என்னங்க, ஒரே ஒரு நிமிஷம்."

விரல் உயர்ந்தது. அம்மையார் தலையசைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய், கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நடுவில் நாலரை அங்குலச் சுவர்.

"கன்ட்ரோல், பருந்து ஏழு, வணக்கம் மேடம்," என்றார் கேப்டன். பருந்து ஏழு என்பது வானில் அவர் பெயர். பத்தொன்பது வருஷத்தில் அந்த வீட்டில் ஒலித்திராத குழைவு.

"பருந்து ஏழு, வணக்கம். உங்க முறை நாப்பத்தி மூணு. ஏரிக்கு மேல வட்டம் போட்டுக் காத்திருங்க."

"நாப்பத்தி மூணாவது முறை, ஏரிக்கு மேல வட்டம் போட்டுக் காத்திருக்கேன், பருந்து ஏழு. ரொம்ப நன்றி மேடம்."

காத்திருந்தார். டீ இரண்டு நிமிஷம் தாமதமானால் வீட்டைத் தலைகீழாக்குகிற மனிதர், ஐம்பத்தைந்து நிமிஷம், ஒரு முணுமுணுப்பு இல்லாமல், இல்லாத ஏரியைப் பதினொரு தடவை சுற்றினார். பொறுமையைப் பார்க்க விரும்புகிறவர்கள் அன்று அதைப் பார்த்திருக்க வேண்டும். சுற்றிக்கொண்டே, உறுப்பினர்கள் எல்லாரும் படிக்கும் அரட்டைப் பலகையில் தட்டினார்: "இந்த மேடம் குரலைக் கவனியுங்கள். ஒரு சொல் வீணில்லை. இப்படி ஒரு குரல் வீட்டில் இருந்தால், நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். கொடுத்து வைத்தவர்."

பக்கத்து அறையில் அம்மையார் அதைப் படித்தார். அந்தக் குரல் கரகரத்ததை அன்று முதன்முதலாக நூற்று நாற்பது பேர் கேட்டார்கள். நூற்று முப்பத்தொன்பது பேர் கவனித்தார்கள்.

"பருந்து ஏழு, தகவல் இருக்கு. எழுதிக்கத் தயாரா?"

"தயார் மேடம்." பேனா உத்தரவின் பின்பக்கத்தில் ஊன்றி நின்றது. இறங்க அனுமதி வரப்போகிறது என்று அவர் காது துடித்தது.

"பருந்து ஏழு, உங்க மனைவி இன்னைக்கு சாயந்தரம் அஞ்சரை ரயில்ல துறைமுகத்துக்குப் புறப்படுறாங்க. குறைஞ்சது ரெண்டு வருஷம். ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லுங்க. இல்லைன்னா, இறங்க அனுமதி."

கையேட்டின் நான்காம் விதி இதைவிடச் சிறப்பாக என்றுமே நிறைவேற்றப்பட்டதில்லை.

"என் மனைவி இன்னைக்கு சாயந்தரம் அஞ்சரை ரயில்ல துறைமுகத்துக்குப் புறப்படுறாங்க, குறைஞ்சது ரெண்டு வருஷம், ஆட்சேபணை இல்லை, இறங்க அனுமதி, பருந்து ஏழு."

ஒரு தடங்கல் இல்லை. மூளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ரீட்பேக் சரி," என்றது குரல்.

மருந்துக்கடைக்காரருக்குத்தான் மனசு தாங்கவில்லை. "சார், மருந்துக்கடைக்காரன் பேசறேன். மேடம் என்ன சொன்னாங்கன்னு ஒரு தடவை..."

"அலைவரிசையில அநாவசியப் பேச்சு வேண்டாம்," என்று கேப்டன் அவரை அடக்கினார்.

தரையிறக்கம் அற்புதம். சக்கரம் தொட்டதே தெரியவில்லை. விமானத்தை நிறுத்துமிடத்துக்கு ஓட்டிச் செல்லும்போது, மாற்று ஆளிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு அம்மையார் வாசலுக்கு வந்தார், கையில் பெட்டியோடு. "வர்றேங்க," என்றார். விரல் உயர்ந்தது. இந்த முறை அவர் காத்திருக்கவில்லை.

மற்ற விமானங்கள் இறங்குவதையும் கேட்டு முடித்து, ஆறு மணிக்குக் கேப்டன் ஹெட்போனைக் கழற்றி, "டீ," என்றார். வீடு அதைத் திருப்பிச் சொல்லவில்லை. சமையலறைக்குப் போனார். அடுப்பு துடைத்திருந்தது. குளியலறை, பால்கனி, பக்கத்து அறை. அங்கே மேசையில் இன்னொரு ஹெட்போன் இருந்தது. காதுறை இன்னும் லேசாக வெதுவெதுப்பாக இருந்ததுபோல் அவருக்குத் தோன்றியது. திரும்பி வந்து, ஏன் என்று தெரியாமல், குறிப்பு அட்டையை எடுத்தார். அவருடைய கையெழுத்து: 'மனைவி. 5.30 ரயில். துறைமுகம். 2 வருஷம். ஆட்சேபணை இல்லை.' தாளைப் புரட்டினார். முன்பக்கம் வேலை உத்தரவு, முத்திரையோடு.

இப்போது மூளை மூக்கை நுழைத்தது. சரியாக மூன்று வினாடி ஆயிற்று.

கைப்பேசியை உயிர்ப்பித்து, ஆள்காட்டி விரலால் எண்ணைத் தட்டிக் கூப்பிட்டார். அதே விரல்தான். எதிர்முனையில் ரயில் ஓடும் சத்தம்.

"நீயா பேசின? அந்த மேடம் நீயா?"

"ஆமாங்க."

"வீட்டுலயே இருக்கேன், என்கிட்ட நேர்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நாலு தடவ சொன்னேன். நாலு தடவையும் காப்பிட்னீங்க. அதான் அஞ்சாவது தடவ சாட்சி வச்சுக்கிட்டு சொன்னேன்."

கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்தார். தோளில் தைத்த நாலு பட்டையும் தொங்கிப்போயின. "எனக்கு ஆட்சேபணை இருக்கும்மா," என்றார். பிறகு, மெதுவாக, "நீ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடாது. இப்ப கிளம்பினா காலைல அங்க வந்துடுவேன். வரட்டுமா?"

எட்டு மாதத்துக்கு முன்பு கேட்டிருந்தால் அந்தக் கேள்விக்குக் கழகமே தேவைப்பட்டிருக்காது. ரயில் ஏதோ ஒரு பாலத்தைக் கடந்தது. பிறகு அந்தக் குரல் வந்தது. தெளிவாக, நிதானமாக, ஒரு சொல் வீணில்லாமல்.

"பருந்து ஏழு, ஸ்டாண்ட்பை."

பதினோராம் விதியை எழுதியவர் அதை மீறலாமா? கேப்டன் பதில் பேசவில்லை. மறுபடி கூப்பிடவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு மணி நேரம் ஆனது, இரண்டு மணி நேரம் ஆனது. கழக வரலாற்றில் அந்த விதியை இவ்வளவு கட்டுப்பாடாகக் கடைப்பிடித்தவர் வேறு யாரும் இல்லை என்று அவரைப் பாராட்டத்தான் ஆசை. ஆனால் உண்மை அதுவல்லவே. அதே வீட்டில், கையேட்டை ஒரு பக்கம்கூடப் புரட்டுவதற்கு முன்பிருந்தே, பத்தொன்பது வருஷமாக ஒரு நாள் தவறாமல் அதைக் கடைப்பிடித்தவர் இப்போதுதான் ரயிலில் போகிறார்.