நூறு துண்டு ஜன்னல்

கிளார்க்கின் பிடரியில் மறுபடியும் மழை பெய்யத் தொடங்கியது.

அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் ஒரு நாள் காலை கண்ணாடியைக் காணோம். ராத்திரிக் காற்றில் உடைந்திருக்கும் என்றார்கள். பெருக்குகிற அம்மாள் அன்றிலிருந்துதான் மகள் பிரசவத்துக்காக லீவு. சில்லுகளை யார் கூட்டி அள்ளினார்கள் என்று கிளார்க் யோசிக்கவில்லை. தும்மவே நேரம் சரியாக இருந்தது.

புதுக் கண்ணாடிக்கான ஸ்டோர்ஸ் படிவம் பரப்பளவை சதுர சென்டிமீட்டரில் கேட்டது. ஜன்னல் நாலு பக்கமும் ஒரு மீட்டர். மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர். ஆகவே நூறு என்று எழுதி அனுப்பினார். இரண்டு வாரம் கழித்து உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி வந்து சேர்ந்தது.

போன் போட்டார்.

"நூறுக்கு வர்க்கமூலம் பத்து. பத்துக்குப் பத்து குடுத்திருக்கோம், சரியாத்தானே சார் இருக்கு?" என்றார் ஸ்டோர்ஸ்காரர்.

"இத வச்சு என் மூக்கத்தான் மறைக்கலாம்."

"அப்ப யூனிட்ட மாத்தி எழுதுங்க."

மாற்றினார். நூறை அப்படியே விட்டுவிட்டு, சென்டியை மட்டும் அடித்தார். இந்தத் தடவை கண்ணாடி வரவில்லை, மெமோ வந்தது. 'நூறு சதுர மீட்டர் எனில் ஜன்னலின் உயரம் பத்து மீட்டர். தங்கள் கட்டடமே எட்டு மீட்டர்தான். விளக்கம் தேவை.'

ஈரச் சட்டையோடு வீட்டில் மெமோவை வெறித்துக்கொண்டிருந்தவரை, எட்டாவது படிக்கும் மகள் எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா நீங்க, நீளம் நூறு, அகலம் நூறு. ரெண்டையும் பெருக்கணும். பத்தாயிரம்."

"இத மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

பத்தாயிரம் சதுர சென்டிமீட்டர் என்று எழுதினார். ஸ்டோர்ஸ்காரரும் கணக்கில் புலிதான். ஏற்கெனவே கொடுத்தது நூறு, பாக்கி ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம். அதே உள்ளங்கை அளவில் தொண்ணூற்றொன்பது துண்டுகள் வந்து இறங்கின.

சண்டை போடத் தெம்பில்லை. வரிசைக்குப் பத்து, மொத்தம் பத்து வரிசை என்று டேப் போட்டு ஒட்ட ஆரம்பித்தார். நடுவில் ஒரு தும்மலில் இரண்டு வரிசை சரிந்து, அதையும் திரும்ப ஒட்டினார். பத்தாவது நாள் நூறாவது துண்டும் உட்கார்ந்தது. வெளியே நல்ல மழை. பிடரி காய்ந்தே இருந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

லீவு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்த பெருக்குகிற அம்மாள், துடைப்பத்தோடு நின்று ஜன்னலை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லாத்தான் சார் இருக்கு. அப்ப, நான் கழுவுறதுக்காகக் கழட்டி பீரோவுக்குப் பின்னாடி சாத்தி வச்சேனே, அந்தப் பெரிய கண்ணாடிய என்ன பண்றது?"