கம்ப்ரஸருக்கு ஓய்வு

"ஏன்னா, ஃபிரிட்ஜ் எதுக்கு நட்ட நடுவுல நிக்கறது?"

கறிவேப்பிலை வாங்கி வந்த ஜலஜா சமையலறைக்குள் நுழைய வழியில்லாமல் நின்றாள்.

"சுவத்தை ஒட்டி நின்னா அதுக்கு மூச்சு முட்டும். முதுகுல காத்து படணும்," என்றார் ஜம்புநாதன்.

அவர் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் மின்சிக்கன அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தொழிற்சாலை பிழைத்துக்கொண்டது. மல்காஜ்கிரி வீடு மாட்டிக்கொண்டது.

அன்று சாயங்காலம் மகள் வர்ஷினியைப் பெண் பார்க்க பேகம்பேட்டிலிருந்து வருகிறார்கள். போன வரன் தட்டிப்போன கதை அக்கம்பக்கத்துக்கே தெரியும். பிள்ளையின் அப்பா கைகழுவ எழுந்ததுதான் தாமதம், ஜம்புநாதன் ஃபேனை அணைத்துவிட்டார். பிள்ளையும் அவன் அம்மாவும் அதன் கீழேயே உட்கார்ந்திருந்தார்கள். நல்ல மே மாதம். பஜ்ஜியைக்கூட முடிக்காமல் கிளம்பிப் போனார்கள்.

இந்த முறை ஜலஜா முன்கூட்டியே சத்தியம் வாங்கியிருந்தாள். கரண்ட் என்ற பேச்சே அவர் வாயில் வரக்கூடாது. மனிதர் சொன்ன சொல் தவறாதவர்; வாய் சும்மாதான் இருந்தது. கைதான் இருக்கவில்லை.

வர்ஷினி தங்கமான பெண். எந்த வரன் வந்தாலும் ஃபோட்டோவைக்கூடப் பார்க்காமல் "சரிம்மா" என்பாள். எல்லாம் என் வளர்ப்பு என்று ஜலஜா பூரித்துப்போவாள்.

"இளநீர்ப் பாயசம் ஜில்லுனு இருந்தாதான் வாயில வைக்கலாம். உள்ள வைக்கறேன், நகருங்கோ."

"சூட்டோட வைக்கப்படாது. ஆறட்டும்."

ஆறியது. கொண்டுபோய்த் திறந்தால் உள்ளே தட்டு தட்டாகத் தண்ணீர் பாட்டில்.

"காலியா இருந்தா குளிர் நிக்காது. அதான் ரொப்பி வச்சேன்."

"அப்போ பாயசத்தை எங்க வைக்கறது, உங்க தலையிலயா?"

நியாயமான கேள்வி என்று அவருக்கே தோன்றியது. பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். எடுத்தவர் சும்மா இருக்காமல் ஃப்ரீசரையும் எட்டிப் பார்த்தார். உள்ளே ஐஸ் கட்டியாக உறைந்திருந்தது.

"இவ்ளோ ஐஸை வச்சுண்டு கம்ப்ரஸர் எப்படி ஓடும்? பாவம்."

ஜலஜா ஓடி வருவதற்குள் ஐஸ் கரைக்கும் பொத்தானை அமுக்கிவிட்டார். சீக்கிரம் கரையட்டும் என்று கதவைத் திறந்து டேபிள் ஃபேனையும் உள்ளே பார்த்துத் திருப்பிவைத்தார். தண்ணீர் சமையலறை முழுக்க ஓடி, அவள் பட்டுப்புடவையின் கரையை நனைத்தது.

"இப்பவாவது மூடித் தொலைங்கோ."

"பாதியில மூடினா மறுபடி கட்டிக்கும்."

வாசலில் மணி அடித்தது.

பிள்ளை அபிநவ் லட்சணமாக இருந்தான். அவன் அப்பா அனந்தராமன் அதிகம் பேசவில்லை. அம்மா சாவித்ரி வெதுவெதுப்பான பாயசத்தில் ஒரு ஸ்பூன் சாப்பிட்டு, கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"மாமி, கொஞ்சம் ஜில் தண்ணி கிடைக்குமா?"

கேட்டதோடு நிற்காமல் ஜலஜாவின் பின்னாலேயே வந்தும் விட்டாள். சமையலறை நடுவில் ஃபிரிட்ஜ் வாயைப் பிளந்து நின்றது. எதிரே ஃபேன் சுற்றியது. கீழே குளம். ஜலஜாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த வரனும் போச்சு.

சாவித்ரி கூடத்துப் பக்கம் திரும்பினாள்.

"ஏன்னா, இங்க வந்து இந்தக் கூத்தைப் பாருங்கோ."

அனந்தராமன் வந்தார், பின்னாலேயே ஜம்புநாதனும். அனந்தராமன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுத்தார். காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தது.

"ரப்பர் தளந்திருக்கு சார். குளிரெல்லாம் வெளில போறது."

ஜம்புநாதன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களுமா?"

"எங்காத்துல கீஸருக்கே பூட்டு. சாவி என் பூணூல்ல இருக்கு. அபிநவ் என்னையும் மிஞ்சிடுவான்."

மிஞ்சத்தான் செய்தான். பெரியவர்கள் எழுந்து போன கையோடு கூடத்து ஃபேனை அணைத்திருந்தான். அதன் கீழே வர்ஷினி உட்கார்ந்திருந்தாள்.

"எங்களுக்குப் பரம திருப்தி," என்றார் அனந்தராமன். "பொண்ணை ஒரு வார்த்தை கேட்டுடுங்கோ."

"அவளைக் கேக்கவே வேண்டாம்," என்று சிரித்துக்கொண்டே ஜலஜா கூடத்துக்குப் போனாள். "என்னடி, சரிதானே?"

வர்ஷினி முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"நக்கோம்மா, வேண்டவே வேண்டாம். நான் எல்லா வரனுக்கும் சரின்னு சொன்னதே, கல்யாணமானா ஃபேன் போட்டுண்டு தூங்கலாம்னுதான்."