கற்கண்டு கொடுத்து வரவேற்ற முகாம்

பாடப்புத்தகத்தைப் பாதி மட்டும் படித்தவளிடம் எந்தப் பொறுப்பையும் கொடுக்கக் கூடாது. முழுதாகப் படித்தவள் கொஞ்சம் பயப்படுவாள். படிக்காதவள் யாரையாவது கேட்டுச் செய்வாள். பாதி படித்தவள் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு வருவாள். நான் நிஜமாகவே விசிலோடுதான் போனேன்.

நர்சிங் கடைசி வருடத்தில் எங்களுக்கு நிர்வாகம் என்று ஒரு பாடம். வார்டை எப்படி நடத்துவது, ஆட்களுக்கு வேலையை எப்படிப் பிரிப்பது, நோயாளி எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். ஊசி போடுவதைவிட இது எனக்கு அதிகமாகப் பிடித்துவிட்டது. முதலில் எங்கள் வீட்டு அடுப்படியை நிர்வகித்தேன். டப்பாக்களையெல்லாம் புதுமுறைப்படி இடம் மாற்றி வைத்ததில், அன்றைய சாம்பாரில் சுக்குத்தூள் விழுந்தது. (அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.)

அடுத்து எனக்குக் கிடைத்தது ஒரு முழு ஊர்.

அகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த ஊர். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க அங்கிருந்து திண்டுக்கல்லுக்கு வர வேண்டும். ஒரு நாள் வேலை கெட்டுப்போகும் என்பதால் பாதிப் பேர் மாத்திரையையே விட்டுவிட்டார்கள். மாதம் ஒருமுறை ஊர் மண்டபத்தைத் திறந்துவிட்டால் நாங்களே வந்து பார்த்து மாத்திரையும் தருகிறோம் என்று எங்கள் ஆசிரியை மெர்சி மேடம் நடையாய் நடந்தார். மண்டபச் சாவி ஊர்த்தலைவர் ராயப்பன் இடுப்பில். கல்யாணம் நடக்கிற இடத்தில் நோயாளிகளை உட்கார வைக்க அவருக்கு மனசு வரவில்லை. கடைசியில், "ஒரு நா நடத்திக் காட்டுங்க. பெறகு பாப்போம்" என்றார்.

அந்த ஒரு நாளுக்கு நான்தான் தலைவி. (வேறு யாரும் கை தூக்கவில்லை.)

நோயாளியின் திருப்தி வாசலிலேயே தொடங்குகிறது என்று புத்தகத்தில் இருந்தது. கல்யாண மண்டபத்து வாசலில் எதைக் கண்டால் நம் ஆட்களுக்குத் திருப்தி? அம்மாவிடம் கெஞ்சி வெள்ளித்தட்டையும் பன்னீர்ச் செம்பையும் வாங்கிப் போனேன். சந்தனம், குங்குமம், குவியலாகக் கற்கண்டு. வெறும் வயிற்றில் பார்க்கிற சர்க்கரைச் சோதனை இல்லையே, ரெண்டு கற்கண்டு என்ன செய்துவிடும் என்று கணக்கும் போட்டிருந்தேன். தரையில் கோலமாவில் அம்புக்குறிகள் வரைந்து பாதை காட்டினேன்.

மேடத்தின் திட்டத்தில் சோதனைக்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று இருந்தது. ஒரே குழாயில் கூட்டம் தேங்கும் என்று நானாகவே அதை நீக்கிவிட்டேன். நேர மேலாண்மை.

கூட்டம் வந்தது. நான் பன்னீர் தெளித்தேன். ஈரக் கையால் ஆளுக்கொரு பிடி கற்கண்டு அள்ளினார்கள். பிறகு விரலை நீட்டிக்கொண்டு என் தோழி ஃபெல்சியிடம் போனார்கள். அவள் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கருவியில் வைத்தாள்.

முதல் ஆளுக்கே முந்நூறைத் தாண்டியது. அடுத்தவருக்கு அதற்கும் மேலே. கபடி ஆடுகிற ஒரு பையனுக்கு நானூறு. ஃபெல்சி என்னைப் பார்த்தாள். நான் ஒரு நல்ல நிர்வாகி செய்வதைச் செய்தேன். அதிகம் உள்ளவர்களுக்கென்று தனி வரிசை தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் ஊரே அந்த வரிசையில்தான் நின்றது.

ஒரு அக்கா உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். ஒருவர் திருப்பூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டு உடனே புறப்பட்டு வரச் சொன்னார். எல்லோருக்கும் ஒரே நாளில் எப்படி வரும், புதுத் தொட்டித் தண்ணிதான் சரியில்லை என்று பின்னாலிருந்து யாரோ கிளப்பிவிட்டார். அந்தத் தொட்டியைக் கட்டியவர் ராயப்பன். அவருக்கும் நானூறைத் தாண்டியிருந்தது. அதுவரை கல்லு மாதிரி நின்றவர், எண்ணைக் கேட்டதும் தலை சுத்துகிறது என்று நாற்காலியைத் தேடினார்.

"மூட்டை கட்டுங்க மேடம்" என்றார். "நல்லா இருந்த ஊரு. மண்டபமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

மேடத்தின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கருவிதான் கோளாறு, நிரூபிக்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் என் விரலைக் குத்திக்கொண்டேன். காலையிலிருந்து கற்கண்டைக் கிளறிக் கொடுத்த விரல். எண்ணே வரவில்லை. கருவி காட்டக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டது.

ராயப்பன் நாற்காலியை விட்டு எழுந்தார். "பாப்பா, எங்கள விட ஒனக்குத்தான் மோசமா இருக்கு. நீ மொதல்ல உக்காரு."

உட்கார்ந்தேன். அப்போதுதான் எறும்புகள் கண்ணில் பட்டன. கோலமாவு அம்புக்குறிகளை ஒட்டியே வரிசையாக வந்து, வெள்ளித்தட்டில் ஏறி, அங்கிருந்து என் கைக்கும் வந்துகொண்டிருந்தன. அன்று என் திட்டத்தை முழுதாக மதித்தது அவை மட்டும்தான்.

மேடம் எறும்பைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், என் விரலைத் தொட்டுப் பார்த்தார். பிசுபிசுவென்று ஒட்டியது. பஞ்சில் துடைத்தாலும் சர்க்கரை முழுசாகப் போகாது. ரத்தத்தோடு சேர்ந்து கற்கண்டையும் அல்லவா அளந்திருக்கிறோம்.

"கௌசல்யா," என்றார். என்னை எப்போதும் கௌசி என்று கூப்பிடுகிறவர். "போய் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வா."

கழுவி, துடைத்து, வேறு விரலில் பார்த்தோம். நூறுகூட இல்லை. அவ்வளவுதான், ஊரே குழாயடிக்கு ஓடியது. நான் பயந்த கூட்டம் அங்கேதான் தேங்கியது. என்னமோ வியாதி வந்து போயிருச்சாம் என்று கேள்விப்பட்டு, முகாமுக்கே வராதவர்கள்கூடக் கிளம்பி வந்தார்கள். அழுத அக்காவுக்கு ஒன்றும் இல்லை. கபடிப் பையன் இன்னும் ரெண்டு தடவை பார்க்கச் சொல்லி ஃபெல்சியைப் படுத்தினான்.

ராயப்பன் கடைசியாகக் கழுவிவிட்டு வந்தார். அவருக்கு இறங்கியது. ஆனால் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. இருநூறைத் தாண்டியே நின்றது. ஃபெல்சி மறுபடி கழுவச் சொன்னாள். அதேதான்.

பயப்பட ஒன்றுமில்லை, ரத்தம் கொடுத்து உறுதி பண்ணிக்கொண்டு மாத்திரை ஆரம்பிக்கலாம் என்று மேடம் அவருக்கு மெதுவாக எடுத்துச் சொன்னார். மனுசன் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாசாமாசம் மாத்திரைக்கு எங்க வரணும்?"

"திண்டுக்கல்லுக்குத்தான்" என்றார் மேடம்.

"அம்புட்டுத் தூரமா?" இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "இந்த மண்டபம் சும்மாதான கெடக்கு. ஆனா அந்தக் கற்கண்டுப் பாப்பா வாசல்ல நிக்கக் கூடாது."

அந்த மாதாந்திர முகாம் இன்றைக்கும் நடக்கிறது. படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகும், லீவு கிடைத்தால் நானும் போகிறேன். எனக்கு ஒதுக்கப்பட்ட இடம் குழாயடி. விசில் இல்லை, சோப்பு மட்டும்.

போன வருடம் என் அக்கா கல்யாணத்துக்கு ராயப்பனும் வந்திருந்தார். சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது, ஆளும் இளைத்திருந்தார். வாசலில் அதே வெள்ளித்தட்டோடு நான் நின்றேன். என்னைப் பார்த்தார், கற்கண்டைப் பார்த்தார், ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். எங்கள் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் மேசைக்கு அடியிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரையும் புதுச் சோப்பையும் எடுத்து நீட்டினார்.

முன்னாடியே வாங்கி வைத்திருக்கிறார். சுக்கு சாம்பாருக்கு அன்று சொல்லாமல் விட்ட பதில் அது.